எவாண்டர், லியாண்டர், லைசாண்டர், நிகாண்டர், மெனாண்டர்: அரிய கிரேக்கப் பெயர்களில் மகனுக்கு எது?

மகனுக்குக் கிரேக்கப் பெயர் வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் அலெக்சாண்டரிடம்தான் போகிறார்கள். திரும்பிய பக்கமெல்லாம் ஓர் அலெக்ஸ் இருக்கிறாரே என்று பிறகு தயங்குகிறார்கள். அதே மிடுக்கும் ஓசையும் உள்ள, அதிகம் பேர் வைக்காத பெயரைத் தேடுகிறார்கள். அந்தத் தேடல் வழக்கமாக ஐந்து பெயர்களில் வந்து நிற்கும்: எவாண்டர், லியாண்டர், லைசாண்டர், நிகாண்டர், மெனாண்டர். ஐந்தும் ஒரே மாதிரி முடிகின்றன. பெயர்ப் பட்டியல்கள் ஐந்துக்கும் நல்லவன், வல்லவன், வென்றவன் என்ற வகையிலேயே பொருள் தருகின்றன. அந்தப் பொருளை மட்டும் பார்த்தால் எத்தனை நாள் யோசித்தாலும் முடிவு வராது.

பொருளைவிட முக்கியமானவை மூன்று: அந்தப் பெயரை முன்பு தாங்கியவர்கள் யார், எந்த வடிவத்தில் பதிவு செய்கிறோம், பிள்ளை வளரும் இடத்தில் அது எப்படிக் காதில் விழும். இப்படிப் பார்த்தால் ஐந்தும் தெளிவாகப் பிரிந்துவிடும். என் கட்சி நிகாண்டர். ஆனாலும் மற்ற நான்கும் நிகாண்டரை வெல்லும் சூழல்கள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

## ஐந்துக்கும் பொதுவான பாதி

ஐந்து பெயர்களின் பின்பாதியும் ஒன்றே. கிரேக்கத்தில் 'ஆனேர்' என்றால் ஆண், ஆடவன். வேற்றுமை ஏற்கும்போது அது 'அந்த்ர்-' என்று மாறும். வடமொழியின் 'நர' இதற்கு உடன்பிறந்த சொல். விவிலியத்தின் அந்திரேயாவும் இதே வேரில் பிறந்தவர்தான்.

கிரேக்கர்கள் இப்படி இரண்டு சொற்களைக் கோத்துப் பெயர் அமைத்தார்கள். கோத்த சொற்களை முன்பின்னாக மாற்றியும் வைத்தார்கள். நிகாந்த்ரோஸைத் திருப்பினால் அந்த்ரோநிகோஸ். ரோமர் நிருபத்தில் பவுல் வாழ்த்து அனுப்பும் அன்றோனீக்கு இந்தப் பெயர்க்காரர். குடும்பத்துக்குள் ஒரு பாதியைப் பிள்ளைகளுக்குக் கடத்துவதும் வழக்கம். தேலோஸ் தீவில் கிடைத்த, கி.மு. 650 அளவைச் சேர்ந்த ஆளுயரப் பளிங்குச் சிலை ஒன்று இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் காணிக்கையாகத் தந்தவள் நிகாந்த்ரே, நிகாந்த்ரோஸின் பெண்பால். தான் தெய்னோதிகேஸின் மகள், தெய்னோமேனேஸின் சகோதரி என்று சிலையிலேயே பொறித்திருக்கிறாள். அப்பன் பெயரின் முன்பாதி மகன் பெயரிலும் வந்திருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே இந்தப் பெயர்களை முழு வாக்கியமாகப் பிரித்து 'ஆண்களை வெல்பவன்', 'ஆண்களை விடுவிப்பவன்' என்று பொருள் சொல்வதில் ஓரளவுக்கு மேல் அர்த்தமில்லை. நல்ல சொல் இரண்டைப் பிள்ளைக்கு அணிவித்தார்கள், அவ்வளவே. எந்தச் சொற்கள் என்பது உறுதியாகத் தெரிந்தால் போதும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வேர். முன்பாதி எந்தச் சொல் என்பதில் அறிஞர்களுக்குள் சந்தேகம் இருக்கிறதா, இல்லையா?

இரண்டாவது, பெயரைத் தாங்கியவர்கள். வளர்ந்த பிள்ளை தன் பெயரைத் தேடினால் முதலில் யாரைச் சந்திப்பான்?

மூன்றாவது, பெயர் நாள். கிரீஸில் பிறந்தநாளைவிடப் பெயர் நாள் பெரிது. தன் பெயருள்ள புனிதரின் திருநாளில் வீட்டுக்கு வருபவர்களுக்கு இனிப்பு வைப்பார்கள், தொலைபேசி ஓயாது. புனிதர் இல்லாத பெயர்க்காரர்கள் பெந்தெகொஸ்தேயை அடுத்த ஞாயிறான சகல புனிதர் திருநாளில் கொண்டாடுவார்கள். தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெயர்கொண்ட திருவிழாவை மதிப்பவர்களுக்கும் இது பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

நான்காவது எழுத்தும் ஒலியும். தமிழில் எழுதி, ஆங்கிலத்தில் எழுதி, இரண்டையும் முன்பின் தெரியாத ஒருவர் வாசித்தால் ஒரே பெயராக ஒலிக்குமா?

ஐந்தாவது, அருமை. இதில் ஒரு குழப்பம் உண்டு. இன்று அரிதான பெயர் அன்றும் அரிதாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டில் 1972-ல் தொடங்கிய கிரேக்க ஆட்பெயர் அகராதித் திட்டம் கல்வெட்டு, நாணயம், பாப்பிரஸ் எல்லாவற்றிலிருந்தும் பெயர்களைத் தொகுக்கிறது. அதில் பார்த்தால் மெனாந்த்ரோஸும் நிகாந்த்ரோஸும் பழங்கிரேக்கத்தில் சாதாரணமாகப் புழங்கிய பெயர்கள். நமக்கு வேண்டியது இப்படிப்பட்ட அருமைதான்: உண்மையான மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி, இன்று அதிகம் பேர் வைக்காத பெயர். யாரோ அண்மையில் கட்டிய பெயருக்கு இந்த உறுதி கிடையாது.

## எவாண்டர்

முன்பாதி 'எவ்', நல்ல என்று பொருள். யூனிஸ் என்ற பெயரின் முதல் எழுத்துகளும் இதே சொல்தான். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இந்த ஒலியை 'ஐ' என்று எழுதியது. ஐனிக்கேயாள், ஐத்திகு, ஐபூலு ஆகிய மூன்று பெயர்களிலும் இருப்பது இந்த 'நல்ல' தான். வேரில் சந்தேகமே இல்லை. நல்லாடவர் நிறைந்த நாட்டைப் பாராட்டவும் கிரேக்கர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள்.

பெயரைத் தாங்கியவர்களில் முதல்வர் புராணத்தில் வருபவர். அர்க்காதியாவின் பல்லாந்தியோன் ஊரிலிருந்து புறப்பட்டு, ரோம் நகரம் பிறப்பதற்கு முன்பே பாலட்டைன் குன்றில் குடியேறியவர். எழுத்தையும் சட்டத்தையும் இத்தாலிக்குக் கொண்டுவந்தவர் என்று ரோமர்கள் போற்றினார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்றால், பேரரசர் அந்தோனினுஸ் பியுஸ் இந்த உறவை எண்ணிப் பல்லாந்தியோனுக்கு வரிவிலக்கே அளித்தார். நம் காலத்தில் குத்துச்சண்டை வீரர் எவாண்டர் ஹோலிஃபீல்ட். வெட்கப்படவோ விளக்கம் சொல்லவோ வேண்டியவர் யாருமில்லை. பொருள், வரலாறு இரண்டிலும் இது மிகத் தூய்மையான பெயர்.

பிறகு ஏன் இது என் முதல் தேர்வில்லை? தமிழ்க் காதுதான் காரணம். எவாண்டர் தெருவில் அழைக்கப்படும்போது 'எவான்டா' ஆகும், அது 'எவன்டா' ஆக ஒரு நொடி போதும். தமிழ் பேசும் பள்ளியில் இந்தக் கேலி முதல் வாரத்திலேயே பிறந்துவிடும், பத்தாம் வகுப்பு வரை ஓயாது. வீட்டில் 'எவன்' என்ற சொல்லே மரியாதைக் குறைவாகப் புழங்கும்போது பிள்ளைக்கு அதை ஒட்டிய ஒலியைப் பெயராகக் கொடுக்க மனம் வராது. எழுத்திலும் இடர் உண்டு. ஆங்கிலம் பேசுவோர் முதல் எழுத்தை 'இ' என்று ஒலித்து 'வா'வை அழுத்துவார்கள். அதைக் கேட்டு எழுதுபவர் இவாண்டர், ஈவாண்டர், இவேண்டர் என்று ஆளுக்கொன்றாகத் தமிழ்ச் சான்றிதழில் எழுதிவிடுவார்.

டொரன்டோ, லண்டன், சிட்னி போன்ற இடங்களில், தமிழைவிட ஆங்கிலம் அதிகம் புழங்கும் பள்ளியில் வளரப்போகும் பிள்ளை என்றால் இந்தக் குறை சுருங்கிவிடும். அங்கே எவாண்டர் நல்ல தேர்வு. ஈவன், வான் என்று சுருக்கவும் எளிது. பெண் குழந்தைக்கு யூனிஸ் என்று பெயரிட்ட வீட்டில் தம்பி எவாண்டராக அமைந்தால், கிரேக்கக் குடும்பங்கள் செய்தது போலவே ஒரு பாதி இருவருக்கும் பொதுவாகிவிடும்.

## லியாண்டர்

ஐந்தில் எளிதானதும் அருமை குறைந்ததும் இதுவே. இந்தியாவில் டென்னிஸ் பார்த்த தலைமுறைக்குப் பெயரைச் சொன்னாலே போதும். 1996 அட்லான்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற லியாண்டர் பயஸ் இந்தப் பெயரின் தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் நமக்கு ஒரேயடியாக நிலைநிறுத்திவிட்டார். பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை சொன்னால் பிழையில்லாமல் எழுதிக்கொள்வார்கள். இந்த வசதி மற்ற நான்குக்கும் கிடையாது.

வேரில்தான் கொஞ்சம் மூட்டம். 'லேயோன்', அதாவது சிங்கம் என்று எல்லாப் பட்டியல்களும் சொல்லும். மக்கள் என்று பொருள்படும் 'லாவோஸ்' சொல்லின் கிளை வடிவமான 'லேயோஸ்' என்றும் கொள்ள இடமுண்டு. சிங்க ஆடவனா, மக்களின் ஆடவனா என்று அறுதியிட முடியாது. சிங்கம் என்பதற்காக மட்டும் இந்தப் பெயரை எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அடுத்தது கதை. அபிடோஸ் ஊர் இளைஞன் லியாண்டர், நீரிணைக்கு அப்பால் செஸ்தோஸில் அஃப்ரொதீத்தேயின் பூசாரியாக இருந்த ஹீரோ என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவள் கோபுரத்தில் ஏற்றிவைக்கும் விளக்கைக் குறியாகக் கொண்டு இரவுதோறும் நீந்திப் போகிறான். புயல் இரவொன்றில் விளக்கு அணைகிறது, அவன் மூழ்கிப் போகிறான். உடலைக் கண்டு அவளும் கோபுரத்திலிருந்து குதிக்கிறாள். இன்று டார்டனெல்ஸ் எனப்படும் அந்த நீரிணையைக் கதையைச் சோதிக்கவே கவிஞர் பைரன் 1810 மே 3 அன்று நீந்திக் கடந்தார், 1 மணி 10 நிமிடத்தில். அழகான கதைதான், ஆனால் நீரில் மாண்டவன் பெயர் வேண்டாம் என்று தாத்தா பாட்டி சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். அவர்களுக்குக் காட்டச் செவீயா நகரப் பேராயர் புனித லெயாந்தர் இருக்கிறார், ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர், புனித இசிதோரின் அண்ணன். கத்தோலிக்க நாட்காட்டியில் அவர் திருநாள் மார்ச் 13.

மறைந்திருக்கும் செலவு வேறொன்று. ஸ்பானிய, போர்த்துகீசிய, இத்தாலிய மொழிகளில் இது லெயாந்த்ரோ என்று பரவலாக வழங்குகிறது. பிரேசிலில் மிகச் சாதாரணமான பெயர். அருமை வேண்டும் என்றுதான் அலெக்சாண்டரை விட்டீர்கள் என்றால், லியாண்டரில் வந்து நிற்பது பாதி வழியிலேயே இறங்குவதாகும்.

## லைசாண்டர்

முன்பாதி 'லூயெய்ன்' என்ற வினையிலிருந்து வருகிறது: அவிழ்த்தல், விடுவித்தல். சங்கிலியை அவிழ்ப்பவன் என்ற பொருள் கேட்க அருமையாக இருக்கிறது. அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்து எழுதிய லைசாண்டர் ஸ்பூனருக்கு இந்தப் பெயர் பொருந்தியே வந்தது.

ஆனால் பெயரைத் தேடினால் முதலில் வருபவர் ஸ்பார்ட்டாவின் கடற்படைத் தளபதி லைசாண்டர். கி.மு. 405-ல் ஏகொஸ்பொத்தமியில் ஏதென்ஸின் கப்பற்படையைக் கரையிலேயே வளைத்துப் பிடித்தார். சிறைப்பட்ட ஏதென்ஸ்காரர்கள் 3,000 பேர் கொல்லப்பட்டதாகப் பழங்கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அடுத்த ஆண்டு ஏதென்ஸ் சரணடைந்தது. நகரின் நெடுஞ்சுவர்கள் இடிக்கப்பட்டன, முப்பது கொடுங்கோலர்களின் ஆட்சி அவர் ஆதரவில் அமர்ந்தது. சாமோஸ் தீவினர் தங்கள் ஹேரா திருவிழாவுக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். கி.மு. 395-ல் ஹலியார்த்தோஸ் நகர மதிலடியில் போரில் மாண்டார். திறமைசாலி, ஆனால் விடுவிப்பவன் என்ற பெயருக்கு நேர் எதிரான வேலையைச் செய்தவர்.

இந்தியாவோடு ஒரு சின்ன உறவும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் லைசாண்டர் என்ற பெயரில் பிரிட்டிஷ் விமானம் ஒன்று இருந்தது. இந்திய விமானப் படையின் முதலாம் ஸ்குவாட்ரன் 1941-ல் அந்த விமானங்களைப் பெற்று 1942-ல் பர்மாவில் பறந்தது. விமானப் படைக் குடும்பத்தினர் சிலர் இந்தப் பெயரைப் பரிவோடு நினைப்பதற்கு அது காரணம்.

நடைமுறைச் சிக்கல்கள் இந்தப் பெயருக்குத்தான் அதிகம். ஆங்கிலத்தில் இரண்டாம் எழுத்து 'ஒய்'. அதை 'ஐ' என்று எழுதாத அலுவலகம் அரிது. கிரேக்கர் இன்று 'லீசாந்த்ரோஸ்' என்கிறார்கள், ஆங்கிலேயர் 'லைசாண்டர்' என்கிறார்கள். தமிழில் லைசாண்டர், லிசாண்டர், லைஸாண்டர் என மூன்று வடிவமும் வரும். நம் ஊரில் தரை துடைக்கும் லைசாலின் ஒலியும் ஒட்டிக்கொள்ளும். பெயர் நாளுக்குச் சொல்லும்படியான புனிதர் இல்லை. கிரேக்க மரபுத் திருச்சபையில் (ஆர்த்தடாக்ஸ்) ஞானஸ்நானம் என்றால் கூடவே ஒரு புனிதர் பெயரையும் சேர்க்கும்படி குருவானவர் கேட்கக்கூடும்.

ஆங்கிலச் சூழலில் வளரும், இலக்கியப் பிடிப்புள்ள குடும்பங்களுக்கு இது பொருந்தலாம். மற்றவர்கள் இதைக் கடைசியில் வைப்பதே நல்லது.

## நிகாண்டர்

'நீக்கே', வெற்றி. நிக்கொலா, நிக்கொதேமு, யூனிஸ் ஆகியவற்றில் இருப்பதும் இதே சொல். வேரில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை.

தாங்கியவர்களைப் பாருங்கள். கொலொஃபோன் நகரத்து நிகாந்த்ரோஸ் கி.மு. இரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர். பாம்பு, தேள் போன்ற விஷப் பிராணிகளைப் பற்றி 958 அடிகளிலும், நஞ்சுக்கும் அதன் முறிவுக்கும் 630 அடிகளிலும் இரண்டு நூல்கள் பாடினார். இரண்டும் முழுமையாகக் கிடைக்கின்றன. மருத்துவத்தைச் செய்யுளில் வைப்பது நம் சித்தர் பாடல்களைப் படித்தவர்களுக்குப் புதிதல்ல. தெல்ஃபியில் புளூட்டார்க்கின் காலத்தில் நிகாந்த்ரோஸ் என்றொரு பூசாரி இருந்தார். வயது வந்து ஆடவர் உடை அணியத் தொடங்கிய நிகாந்த்ரோஸ் என்ற இளைஞனுக்காகவே, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது எப்படி என்று புளூட்டார்க் ஒரு கட்டுரையும் எழுதினார். மகனுக்குப் பதினெட்டாம் வயதில் கையில் கொடுக்க இதைவிடப் பொருத்தமான வாசிப்பு வேறொன்று அமையாது.

புனிதர்களுக்கும் பஞ்சமில்லை. மர்க்கியானோடு சேர்ந்து மறைசாட்சியான நிகாந்த்ரோஸுக்குக் கத்தோலிக்கத் திருநாள் ஜூன் 17. இத்தாலியின் வெனாஃப்ரோ நகரம் அவரைப் பாதுகாவலராகக் கொண்டாடுகிறது, புலியா மாநிலத்தில் அவர் பெயரிலேயே ஊர் இருக்கிறது. மீரா நகர ஆயர் நிகாந்த்ரோஸை மரபுத் திருச்சபை நவம்பர் 4-ல் நினைவுகூர்கிறது. ரஷ்யாவில் நிகாந்தர் என்ற வடிவம் துறவியர் பெயராகப் பழக்கமானது.

தமிழ்க் காதில் இது நிகண்டை நினைவூட்டும். திவாகர நிகண்டு, சூடாமணி நிகண்டு என்று படித்தவர்கள் இதைக் கேட்டு முகம் மலர்வார்கள், படிக்காதவர்களுக்குக் கேலி செய்ய எதுவும் சிக்காது. நிக், நிக்கி, நிகா என்று அழைக்கலாம்.

குறைகள் இரண்டு. ஆங்கிலத்தில் 'சி' போடுவதா, 'கே' போடுவதா என்பது முதல் குறை. 'சி' போட்டால் ஆங்கிலம் பேசுவோரில் பலர் 'நைகாண்டர்' என்பார்கள், சிலர் 'நிசாண்டர்' என்றே வாசிக்கக்கூடும். 'கே' போட்டால் தமிழர், கிரேக்கர், ஜெர்மானியர் எல்லோரும் சரியாக வாசிப்பார்கள். ஆகவே 'கே' என்பதே என் பரிந்துரை. இரண்டாவது, கிரீஸில் வளரும் பிள்ளையை எல்லோரும் நீக்கோஸ் என்று சுருக்கிவிடுவார்கள். நீக்கோஸ் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. டிசம்பர் 6, புனித நிக்கொலாவின் நாளில் தவறாமல் வாழ்த்து வரும், நவம்பர் 4-ல் யாரும் அழைக்க மாட்டார்கள். அருமை வேண்டி வைத்த பெயர் தெருவில் இறங்கியதும் பொதுப்பெயராகிவிடும் ஆபத்து இது. இதையே சாதகமாக்கவும் வழியுண்டு. முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரை இடுவது கிரேக்க மரபு. தாத்தா நிக்கொலாவோஸ் என்றால் பேரன் நிகாந்த்ரோஸாகி இருவரும் நீக்கோஸ் என்றே அழைக்கப்படலாம். மரபும் நிற்கும், சான்றிதழில் அரிய பெயரும் நிற்கும்.

## மெனாண்டர்

இந்தியாவோடு இவ்வளவு நெருங்கிய கிரேக்கப் பெயர் அலெக்சாண்டரைத் தவிர வேறில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் இன்றைய சியால்கோட்டான சாகலத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட யவன அரசர் மெனாந்த்ரோஸ்தான் பாலி நூல்களின் மிலிந்தன். நாகசேனர் என்ற பிக்குவிடம் அவர் கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளும் பௌத்த உலகம் முழுவதும், இலங்கையிலும் பர்மாவிலும் இன்றுவரை, ஓதப்படுகின்றன. அவரது வெள்ளி நாணயங்களில் ஒரு பக்கம் கிரேக்கத்தில் 'காப்பவனாகிய அரசன் மெனாந்த்ரோஸின்' என்றும், மறுபக்கம் கரோஷ்டி எழுத்தில் 'மகாராஜச த்ராதாரச மெனந்த்ரச' என்றும் இருக்கும். இரண்டு மொழியில் பெயர் எழுத வேண்டிய நமக்கு இருபத்தொரு நூற்றாண்டுக்கு முந்தைய முன்மாதிரி அது. அம்பேத்கர் அவுரங்காபாத்தில் 1950-ல் நிறுவிய கல்லூரிக்கும் மிலிந்த் என்றே பெயர். மராத்தியர்களிடையே மிலிந்த் இன்றும் வழங்கும் பெயர். பௌத்தப் பற்றுள்ள குடும்பம் கிரேக்கப் பெயர் தேடினால் இதைத் தாண்டி எதையும் பார்க்க வேண்டியதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் ஓர் இழை உண்டு. ஏதென்ஸ் நாடகாசிரியர் மெனாந்த்ரோஸ் நூற்றுக்கும் மேற்பட்ட இன்ப நாடகங்கள் எழுதி எட்டு முறை மட்டுமே பரிசு வென்றவர். நாடகங்கள் எல்லாம் தொலைந்து மேற்கோள்களாகவே வாழ்ந்தார். எகிப்திய பாப்பிரஸ் ஒன்றிலிருந்து ஏறக்குறைய முழு நாடகம் 1958-ல்தான் அச்சேறியது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வரும் 'ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்' என்ற வரி இவருடையது என்பது மரபு. பெயர் விவிலியத்தில் இல்லை, ஆனால் அவர் வரி இருக்கிறது.

வேர் 'மெனெய்ன்', நிலைத்து நிற்றல், எதிர்த்து நிற்றல். உள்ளத்தின் ஊக்கத்தைக் குறிக்கும் 'மெனோஸ்' என்பாரும் உண்டு. இரண்டும் கௌரவமான பொருள் என்பதால் இந்த ஐயம் உறுத்தாது. புரூசா நகர ஆயர் பத்ரிக்கியோஸோடு மறைசாட்சியான மெனாந்த்ரோஸை மரபுத் திருச்சபை மே 19-ல் நினைவுகூர்கிறது.

இழப்புக் கணக்கு இது: முதல் நூற்றாண்டில் மாயவித்தைக்காரன் சீமோனின் சீடன் ஒருவனுக்கும் மெனாந்தர் என்றே பெயர், பழைய திருச்சபை ஆசிரியர்கள் அவனைத் திரிபுக் கொள்கையாளன் என்று கண்டித்திருக்கிறார்கள். இறையியல் படித்த உறவினர் இதை எடுத்துக்காட்டலாம். மெனா என்று சுருக்கினால் பெண் பெயராகக் கேட்கும். முழுப்பெயராகவே அழைப்பது நல்லது. தமிழில் மினாண்டர், மேனாண்டர், மெனாந்தர் என்று பாடநூல்களே வேறுபடுவதால் எழுத்தை நீங்களே முடிவு செய்து கடைசிவரை மாற்றாமலிருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| பெயர் | முன்பாதி | வேரின் உறுதி | பெயர் நாள் | பெரிய இடர் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| எவாண்டர் | நல்ல | முழு உறுதி | சகல புனிதர் ஞாயிறு | 'எவன்டா' ஒலி | ஆங்கிலப் பள்ளிச் சூழல் |
| லியாண்டர் | சிங்கம் அல்லது மக்கள் | ஐயம் உண்டு | மார்ச் 13 | அருமை குறைவு, சோகக் கதை | எழுத்துச் சிக்கல் வேண்டாதவர்கள் |
| லைசாண்டர் | விடுவித்தல் | உறுதி | சகல புனிதர் ஞாயிறு | 'ஒய்' எழுத்து, தளபதியின் வரலாறு | ஆங்கில இலக்கியக் குடும்பம் |
| நிகாண்டர் | வெற்றி | முழு உறுதி | ஜூன் 17, நவம்பர் 4 | கிரீஸில் நீக்கோஸ் ஆகிவிடும் | தமிழும் ஆங்கிலமும் சமமாகப் புழங்கும் வீடு |
| மெனாண்டர் | நிலைத்தல் | சிறு ஐயம் | மே 19 | தமிழில் பல எழுத்து வடிவம் | பௌத்தப் பற்று, வரலாற்று ஆர்வம் |

விவிலியத்தில் உள்ள பெயர்தான் வேண்டும் என்றால் இந்த ஐந்தில் எதுவும் ஆகாது. அப்படிப்பட்டவர்கள் நிக்கானோரைப் பாருங்கள். எருசலேமில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரில் ஒருவர், அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஸ்தேவானோடு வருகிறார். வெற்றி, ஆடவன் என்று நிகாண்டரில் உள்ள அதே இரண்டு சொற்கள், கோத்த விதம் மட்டும் வேறு. மரபுத் திருச்சபையில் திருநாள் ஜூலை 28.

## '-டர்' ஆ, '-த்ரோஸ்' ஆ

பெயர் முடிவானதும் பலர் மறந்துவிடும் இரண்டாம் முடிவு இது. '-டர்' என்ற முடிவு லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்கு வந்தது. கிரேக்கர் வாயில் அது '-த்ரோஸ்'. இந்தியா, இலங்கை, ஆங்கில நாடுகளில் '-டர்' வடிவமே வாழ்க்கையை எளிதாக்கும். பெற்றோரில் ஒருவர் கிரேக்கர் என்றால் அங்குள்ள ஆவணங்களில் '-த்ரோஸ்' வடிவமே வரும். கிரேக்கக் கடவுச்சீட்டு எழுத்துகளை நிலையான முறைப்படி பெயர்ப்பதால் நிகாந்த்ரோஸுக்குத் தானாகவே 'கே' விழும், லீசாந்த்ரோஸுக்கு 'ஒய்' விழும். இரண்டு நாட்டு ஆவணங்களிலும் இரண்டு முடிவுகள் இருந்தால் பிற்பாடு இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டும். தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்து இரு பக்கமும் கேளுங்கள்.

கிரேக்க வடிவத்தை எடுத்தால் உச்சரிப்பையும் சரியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்திலும் அழுத்தம் முதல் அசையில் விழும்: நீ-காந்த்ரோஸ், மே-நாந்த்ரோஸ். 'ந்'-க்கு அடுத்து வரும் தகரம் நம் 'பந்து'வில் வருவது போலக் கடினமாக ஒலிக்காது. 'அது' என்னும்போது வரும் மெல்லிய தகரம் அது. அழைக்கும்போது கடைசி 'ஓஸ்' போய் 'ஏ' வரும்: நிகாந்த்ரே! கிரேக்கப் பாட்டி இப்படித்தான் கூப்பிடுவார், பெயரைத் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம்.

## பதிவு செய்யும் முன்

பெயரை இனிஷியலோடும், வெளிநாட்டில் என்றால் குடும்பப் பெயரோடும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். '-டர்' முடிவுக்கு அடுத்து ரகரத்தில் தொடங்கும் குடும்பப் பெயர் வந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தமிழில் எழுதி ஒருவரிடமும், ஆங்கிலத்தில் எழுதி வேறொருவரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இருவரும் ஒரே ஒலியைச் சொன்னால் எழுத்து சரி. சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்தை மாற்றுங்கள். தமிழ் எழுத்தை ஆங்கிலத்துக்காக வளைக்காதீர்கள்.

இந்தியாவில் அவசரமும் வேண்டாம். பிறப்பைப் பெயரில்லாமலே பதிவு செய்யலாம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். சேர்த்த பிறகு பெயரையே மாற்றுவதென்றால் அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும். ஆகவே வீட்டில் இரண்டு மூன்று மாதம் அந்தப் பெயரிலேயே குழந்தையைக் கூப்பிட்டுப் பழகுங்கள். பாட்டி எப்படிச் சுருக்குகிறார், அண்டை வீட்டுக் குழந்தைகள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். சான்றிதழின் வரைவைக் காட்டும்போது தமிழ் வரியையும் ஆங்கில வரியையும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 'ண்ட'வா 'ன்ட'வா, 'கே'யா 'சி'யா என்பதை அங்கேயே திருத்திக்கொண்டால், ஆதாரும் பள்ளிச் சான்றும் கடவுச்சீட்டும் அதையே பின்பற்றிவிடும்.